ஒரு வார்த்தையின் குறுக்குவெட்டு

அன்புள்ள மகனுக்கு,

நீ கேட்ட வார்த்தையை என்னால் எழுத முடியவில்லை. முயன்றேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் முயன்றேன். சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து மறுபடி முயன்றேன். 'அது தப்பு' என்று இரண்டே சொற்கள். எழுதிப் பார்த்தால் வேறு யாரோ எழுதியதைப் போல இருந்தது. கிழித்துவிட்டேன். அதனால்தான் இந்த நீண்ட கடிதம். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். பாதியில் கோபம் வந்தால் மூடி வை. ஆனால் கடைசிவரை படி. கடைசியில்தான் நீ கேட்ட இன்னொன்று இருக்கிறது.

போனில் நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். சரியாகத்தான் கேட்டேனா என்று பார்த்துக்கொள். ஜனவரியில் உன் கல்யாணம். நீ இருக்கும் ஊரில், அந்தப் பெண்ணின் பங்குக் கோவிலில். நான் வர விசா வேண்டும். விசாவுக்கு நீ ஓர் அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். "அனுப்பறேம்மா. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்குக் கார் கண்ணாடிய எறக்க விடாதது தப்புன்னு சொல்லு. சாரியெல்லாம் வேணாம். தப்புன்னு மட்டும் சொல்லு." "லைன்ல இருக்கியா?" என்றாய். இருந்தேன். "சரி, யோசிச்சுச் சொல்லு." வைப்பதற்கு முன்னால் குரலை மாற்றிக்கொண்டு, கடையில் எதையோ விசாரிக்கிறவனைப் போல, "அப்பா பேசற வீடியோ ஒண்ணுகூடவா நம்மகிட்ட இல்ல?" என்றாய். இல்லை என்றேன். அப்போது அதுதான் உண்மை என்று நினைத்திருந்தேன். அவர் போன் ஆஸ்பத்திரியிலேயே காணாமல் போனது உனக்குத் தெரியும். கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுகிற மனிதர் என்பதும் தெரியும்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே போக என் வேலையைச் சொல்லியாக வேண்டும். உனக்கு அது என்றைக்கும் பிடித்ததில்லை. 'அம்மா இருட்டு ரூம்ல உக்காந்து நெருப்பை போட்டோ எடுக்கறா' என்று பள்ளியில் சொல்லி வைத்திருந்தாய். அது சரிதான். நானே அதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

நீ பீடச் சிறுவனாக இருந்த நாட்களை நினைத்துக்கொள். பெரிய பூசைகளில் தூபக் கலசத்தை ஆட்ட உன்னைத்தான் விடுவார்கள். வலப்பக்கத்து உயரமான ஜன்னலில் வெயில் ஒரு பட்டையாக இறங்கும். சாம்பிராணிப் புகை கோவில் முழுக்கப் பரவியிருக்கும், ஆனால் அந்தப் பட்டைக்குள் நுழையும்போது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சுருள் சுருளாக, ஓரங்கள் கிழிந்து. பட்டையைத் தாண்டினால் இல்லை. எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது நான் தலையைத் தூக்கி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் அப்பா முழங்கையால் இடிப்பார். அந்த வெயில் பட்டையைத்தான் ஆய்வுக்கூடத்தில் செய்கிறோம். பச்சை லேசர் கற்றையை ஒரு கண்ணாடித் தண்டின் வழியாக விட்டால் அது விசிறி போல் விரிந்து, அட்டையளவு தடிமனுள்ள ஓர் ஒளித்தகடாகிறது. இருட்டில் அதன் குறுக்கே தீ போகும். புகை போகும். பீய்ச்சுகிற டீசல் போகும். தகடு தொட்ட இடம் மட்டும் தெரியும். பக்கத்திலிருந்து கேமரா அதைப் பார்க்கும். கத்தி இல்லாமல் வெட்டிப் பார்ப்பது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் 'மூச்சை அடக்குங்க' என்பார்கள். தீயிடம் அப்படிச் சொல்ல முடியாது. அது நமக்காக நிற்காது. அதனால் ஒளியைத்தான் சுருக்குகிறோம். கண் இமைக்கும் நேரத்தை லட்சம் துண்டாக்கி, அதில் ஒரு துண்டுக்கும் குறைவாக ஒளி வந்து போகிறது. அதற்குள் எதுவும் அசைய முடியாது.

இந்த வேலையில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. காற்று வெறுமனே இருந்தால் படத்தில் தெரியாது. அதில் ஏதாவது துகள் கலந்திருக்க வேண்டும். புகையோ, மூடுபனியோ, தூசியோ. துகள் இல்லாத இடம் படத்தில் கருப்பாக விழும். பையன்களும் பெண்களும் அதைப் பார்த்து, 'இங்க ஒண்ணும் நடக்கல மேடம்' என்பார்கள். அங்கேதான் காற்று மிக வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்கு முன் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். அந்தப் பெண் பேசாமல் இருக்கும் நாட்கள் வரும். கருப்பாக இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதே. நான் உன் அப்பாவிடமும் உன்னிடமும் நிறைய நாட்கள் அப்படிச் சும்மா இருந்திருக்கிறேன்.

கொரோனா வந்த முதல் வருஷம் தீயெல்லாம் நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கூடம் இருமலுக்கு மாறியது. மூச்சு எவ்வளவு தூரம் போகிறது, பேச்சு எவ்வளவு தூரம், முகக்கவசத்தின் ஓரத்தில் எவ்வளவு கசிகிறது. அதே ஒளித்தகடு, அதே கேமரா. கருப்புப் பலகையில் ஒரு துளை; அதற்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து துளையில் வாயை வைத்துப் பேச வேண்டும். கண்ணில் லேசர் படக்கூடாது என்பதால் முகம் படத்தில் வராது. வாயிலிருந்து வெளியே வருவது மட்டும்தான் வரும். ஆட்கள் போதவில்லை. அவரவர் வீட்டிலிருந்து கூட்டிவரச் சொன்னார்கள். நான் உன் அப்பாவைக் கூட்டிப்போனேன். விவேக் நகர் மருந்துக்கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு உனக்கு ஆன்லைன் வகுப்பு. சாயந்திரம் அவர் உன்னிடம், 'உங்கம்மா என்னை நாய் மாதிரி ஒரு ஓட்டைல வாய வெக்கச் சொன்னா' என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கலாம். மீதியை அவர் சொல்லவில்லை.

பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வெல்டிங் கடைக்காரன் மாதிரி இருக்கேனா?" என்றார். லேசரைப் பார்த்துக்கொள்கிற மஞ்சு சிரித்தான். இருமல் பதிவு முடிந்தது. அடுத்தது பேச்சு.

"என்ன சொல்லணும்?"

"எதாவது சொல்லுங்க. 'ப' நெறைய வரணும். உதடு மூடித் தொறக்கறப்பதான் துளி நல்லா தெறிக்கும்."

யோசித்தார். பலகைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "பரோட்டா. பஜ்ஜி. போண்டா. பிஸி பேளே..."

"சார், ஹோட்டல் மெனு பேடா, வேணாம் சார்," என்றான் மஞ்சு. "கேமரா மெமரி கொஞ்சம்தான் இருக்கு. ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க, நான் சொல்றப்ப."

"வாக்கியமா?"

"தினம் சொல்றது எதாவது சொல்லுங்க," என்றேன் நான்.

விளக்கை அணைத்தோம். மஞ்சு மூன்று, இரண்டு, ஒன்று என்றான். உன் அப்பா, "பாத்துப் போப்பா" என்றார்.

நீ வாசலில் செருப்பு மாட்டும்போதெல்லாம் சொல்வாரே, அதே. டியூஷனுக்குப் போனாலும் அதுதான், முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் அதுதான். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் 'ம்' என்பாய்.

திரையில் போட்டுக் காட்டினோம். மெதுவாக ஓடும். துளையிலிருந்து முதல் 'ப' ஒரு முஷ்டியைப் போல வந்தது. பச்சையாக, பொடிப்பொடியாக. அது விரிந்து சுருண்டு கலைவதற்குள் இரண்டாவது. அதை முந்திக்கொண்டு மூன்றாவது. கடைசி மேகம் படத்தின் மறு ஓரத்தைத் தொட்டும் நிற்கவில்லை. உன் அப்பா கையை நீட்டித் திரையில் அளந்து பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"கை நீளத்துக்கு மேல போகுது?"

"போகும்."

"சும்மா பேசினதுக்கே?"

"ம்."

அதற்குப் பிறகு அவர் ஜோக் அடிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிவாஜி நகர் சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பாமல் சொன்னார்: "எங்கப்பா இருமறத நாங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருப்போம். அது எங்களுக்கு கடிகாரம் மாதிரி. உள்ள என்ன இருக்குதுன்னு யாரு பாத்தா?" தங்கவயல் சுரங்கத்தில் பாறைத்தூசியைச் சுவாசித்து, கடைசி வருஷங்களில் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கிய உன் தாத்தாவைத்தான் சொன்னார். அவரைப் பற்றி உன் அப்பா என்னிடம் பேசியது அபூர்வம். சிக்னல் விழுந்தது. அவ்வளவுதான்.

இனி அந்த நாள். நீ பார்த்த பக்கத்தை முதலில் சொல்கிறேன். அடுத்த வருஷம் ஏப்ரல். இரண்டாவது அலை. மருந்துக்கடை என்பதால் அவர் கடையை மூடவில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை காய்ச்சல்காரர்கள் கவுண்டரில் சாய்ந்து நின்று மாத்திரை கேட்டார்கள். உனக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கான விமானம். பரிசோதனையில் உனக்கு இல்லை என்று வர வேண்டும், இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள், சேர்க்கை போய்விடும், பார்த்துப் பார்த்துச் சேர்த்த எல்லாம் போய்விடும். அதனால் அவர் கடையின் பின்னறையிலேயே தங்கினார். நான் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் வைத்து ஷட்டருக்கு வெளியே வைத்துவிட்டு வருவேன். நீ போகவே இல்லை. போக நான் விடவில்லை. உனக்கு இல்லை என்று வந்தது. கிளம்புகிற அன்று டாக்ஸி நம் பிரேசர் டவுன் வீட்டு வாசலில் நின்றது. நீ பின்சீட்டில். நான் முன்சீட்டில். எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த பேக்கரி முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். நீ கதவைத் திறக்கப் போனாய். நான் டிரைவரிடம், "டோர், கிளாஸ் எல்லா லாக் மாடி" என்று கன்னடத்தில் பூட்டச் சொன்னேன். நீ பொத்தானை அமுக்கினாய். அசையவில்லை. "அம்மா, எறக்கச் சொல்லு." நான் சொல்லவில்லை. "ரெண்டு நிமிஷம்மா. மாஸ்க் போட்டிருக்கேன்ல?" நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினாய். உன் மூச்சு பட்டு அது மங்கியது. துடைத்தாய். மறுபடி மங்கியது. அவர் முகக்கவசத்துக்குள் ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆம்புலன்ஸ் போனது. டிரைவர் "மேடம், லேட் ஆகுது" என்றான். போனோம். விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாய்.

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். பிறகு எனக்கு. நீ போன அன்றே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார், இனிமேல் எதற்காகக் கடையில் இருப்பது என்று. பின்னால் நடந்தது உனக்குத் தெரியும், போன் வழியாகத் தெரிந்த அளவுக்கு. ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது மட்டும் தெரியாது. கவச உடை போட்ட இரண்டு பேர் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எனக்கும் அதே காய்ச்சல். இனி யாருக்கு எது தொற்றப்போகிறது? நான் குனிந்து அவரைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளங்கையைத் தூக்கினார். வேண்டாம் என்று. அவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். திருப்பிய முகம் திருப்பியபடியே போனது. அடக்கத்துக்கு என்னாலும் போக முடியவில்லை. சித்தப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நீல உடுப்புக்காரர்கள் கயிற்றில் இறக்கினார்கள். நீ அங்கே ஓர் அறையில், நான் இங்கே ஓர் அறையில், இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்தோம். படம் நடுவில் உறைந்தது. மறுபடி ஓடியபோது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து நீ போனில் கத்தினாய். "உன் லேப்பும் நீயும். எங்கப்பாவக் கடைசியா ஒருதடவ தொட விடல நீ." 'எங்கப்பா' என்றாய். உனக்கு மட்டும் சொந்தமானவரைப் போல. நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக நீ கேட்கிற போதெல்லாம் நான் பதில் சொல்லவில்லை. நான் கல்நெஞ்சுக்காரி என்று நீ நினைத்துக்கொண்டாய். என்னைப் பார்க்கிறவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது எனக்குப் பழகிவிட்டது.

இனி நீ பார்க்காத பக்கம்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் கடையிலிருந்து அவர் போன் பண்ணினார். நீ உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் பால்கனிக்குப் போய்ப் பேசினேன்.

"நாளைக்கு எதிர்ல வந்து நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"அவன் எறங்கி ஓடி வந்துருவான்."

"அதான் சொல்றேன். கதவு, கண்ணாடி எல்லாத்தையும் லாக் போடச் சொல்லு."

"நீங்களே அவன்கிட்ட சொல்லுங்களேன்."

"நான் சொன்னா நான் வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். நீ சொன்னா லேப்காரி பேச்சுன்னு எடுத்துப்பான்."

"எம்மேல கோவிச்சுக்கிட்டுப் போவான்."

"உன்மேல கோவம்னா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எறங்கிடும். எம்மேலன்னா உள்ளயே வெச்சிருப்பான். அவன் என்னை மாதிரி." கடையில் யாரோ மாத்திரை பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சொன்னார்: "இங்க பாரு. அந்தக் கண்ணாடி எறங்கிச்சுன்னா நான் நிக்க மாட்டேன். ரோட்டத் தாண்டி வந்து புடிச்சுக்குவேன். என்னால முடியாது. அதான் விஷயம்."

நான் உள்ளே திரும்பி, நீ பெட்டி அடுக்குவதைப் பார்த்தேன்.

"கவலப்படாத. அவன் போய்ச் சேந்ததும் நானே உண்மையச் சொல்லிடறேன். வில்லி வேஷம் உனக்கு ஒரு வாரத்துக்குத்தான்."

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு வாரத்துக்குள் அவருக்குப் பேச மூச்சில்லை. நீ கூப்பிட்டபோதெல்லாம் 'சாப்பிட்டியா' என்பதற்கு மட்டும் மூச்சைச் செலவு பண்ணினார். பிறகு அதுவும் இல்லை. சொல்ல வேண்டியது என்னிடம் தங்கிவிட்டது. நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். நீ கத்திய அன்றைக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உனக்குக் கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்தக் குழியின் மேல் கோபப்பட முடியாது. உயிரோடு மிஞ்சியவள் நான். இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு நாளாக ஆக, சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள இறந்தவரைக் காட்டிக்கொடுப்பதைப் போல ஆகிவிடும் என்று தோன்றியது. வேஷம் ஒட்டிக்கொண்டது. அதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. மறைக்கவில்லை. நீ என்மேல் கோபமாக இருக்கும்வரை அவர் ஹெல்மெட்டோடு எதிர்ப்பக்கம் உனக்காகக் காத்து நிற்கும் அப்பாவாகவே இருந்தார். அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன்? நீ கேட்ட வார்த்தையால். அது என்னுடைய தப்பாக இருந்தால் பரவாயில்லை. எழுதிவிடுவேன். இருமினதற்கும் தும்மினதற்கும் மன்னிப்புக் கேட்கிற ஊரில் உன் கல்யாணத்தைப் பார்க்க ஒரு சொல் என்ன பெரிய விலை? ஆனால் அந்த ரோட்டைத் தாண்டாமல் நின்றது அவர். தன் மூச்சு எவ்வளவு தூரம் போகும் என்று ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்கு அப்பால் நின்றார். அன்றைக்கு அவர் உடம்பில் அது இருந்ததா இல்லையா, யாருக்கும் தெரியாது. இல்லாமலும் இருந்திருக்கலாம். நீ இறங்கி ஓடியிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். அந்தக் கணக்கை நான் நிறைய தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். விடை வராது. விடை தெரியாமல்தான் அவர் நின்றார். அதைத் தப்பு என்று என் கையால் எழுத மாட்டேன்.

இதைப் படித்த பிறகு உன் கோபத்தை எங்கே வைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னபடி உள்ளேயே வைத்துக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் போகிறவன் தலையில் இதை இறக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் நீ அவரை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டு முழுசு என்று எடுத்துக்கொண்டு போகிறாய். என் வேலையில் இருக்கிற யாரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இனி வீடியோ.

உன் போனுக்குப் பிறகு, இந்த வாரம், மஞ்சு வந்து கதவருகில் நின்றான். பழைய கணினிகளை மாற்றுகிறார்கள், அந்த வருஷத்து இருமல் படங்கள் இனி யாருக்கும் வேண்டாம், அழித்துவிடலாமா என்று கேட்டான். செய் என்றேன். அவன் போகவில்லை. "மேடம், சார்து இருக்குது அதுல," என்றான். எனக்கு அது மனதிலேயே இல்லை. இத்தனை வருஷம் அதே கட்டடத்தில், எனக்குக் கீழ்மாடியில் இருந்திருக்கிறது. பெயர்கள் வைக்கவில்லை, எண்கள் மட்டும்தான். அவர் எண் எங்கள் இருவருக்கும் நினைவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தோம். யாரோ இருமினார்கள். யாரோ நீளமாக ஏதோ பேசினார்கள். முகம் இல்லை, சத்தம் இல்லை, பச்சைப் புகை மட்டும். ஒன்றைத் திறந்ததும் மஞ்சு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டான். நான் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. முதல் 'ப'வுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. அவர் சொல்கிற மாதிரி வேறு யார் சொல்வார்கள்?

பதிவில் பேசியவர் கேட்டால் அவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. பேசியவர் கேட்க மாட்டார். மஞ்சு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சார் ஓகே சொல்லுவாரு மேடம். எடுத்துக்கோங்க," என்றான். எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தோடு உனக்கு வருகிறது.

அழைப்புக் கடிதத்துக்கு இது விலை அல்ல. அதை அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். அனுப்பினால் வருவேன், பின்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். அனுப்பாவிட்டால் அன்றைக்கு நம் கோவிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பேன். நீ கேட்ட வார்த்தை இரண்டிலும் இருக்காது. படம் இரண்டிலும் உன்னுடையது.

பார்க்கும்போது கண்டபடி எதிர்பார்க்காதே. அவர் அதில் இல்லை. கண் இல்லை, மீசை இல்லை. அட்டையின் தடிமனில் வெட்டி எடுத்த ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன போனதோ அது பதிவாகவில்லை. மூன்றாவது மேகம் கலைந்த பிறகு, துளைக்குப் பக்கத்தில் தூசி மெல்ல உள்நோக்கித் திரும்பும். கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். அவர் மூச்சை இழுக்கிறார். வேறு ஏதோ சொல்லப் போகிறார். அங்கே கேமராவின் நினைவகம் நிரம்பிவிட்டது. படம் முடிகிறது. என்ன சொன்னார் என்று மஞ்சுவைக் கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை.

பேக்கரி முன்னால் நின்று முகக்கவசத்துக்குள் என்ன சொன்னார் என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். அன்று மாலை நானும் அவரைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார். இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்க எனக்கும் ஆசை. உன் கல்யாணத்துக்கு அப்படி ஒரு பரிசைக் கொடுக்க எந்த அம்மாவுக்கும் ஆசை இருக்கும். ஆனால் அன்றைக்கு அங்கே வெளிச்சம் பிடித்தவர் யாரும் இல்லை. எனக்குத் தெரியாது. தெரியாது என்றே எழுதுகிறேன்.

அறையை இருட்டாக்கிக்கொண்டு பார். முதலில் மெதுவாக ஓட விடு. பிறகு உண்மையான வேகத்தில் வை. வருவதும் போவதும் தெரியாது, ஒரு நொடிதான். ஒலி இல்லாததால் ஒன்றும் புரியாது. அதனால் நீயும் கூடவே சொல்லிப் பார். உதட்டை மூடி, அவர் தொடங்கும்போது தொடங்கு. முதல் தடவை நீ பிந்துவாய். இரண்டாவது தடவை முந்துவாய். நானும் அப்படித்தான் செய்தேன். சொல்லிக்கொண்டே இரு. உன் உதடு திறப்பதும் அந்த மேகம் வருவதும் ஒன்றாகும்வரை.

அம்மா